அவளை மன்னிக்க வைத்தவள்

நான் இதுவரை பதினேழு நாவல்கள் எழுதியிருக்கிறேன். அவற்றில் மூன்றில் கதாநாயகன் மனைவியை அடிக்கிறான். ஒன்றில் அதைவிடக் கொடியதும் செய்கிறான். மூன்றிலும் கடைசி அத்தியாயத்தில் அவள் அவனை மன்னித்து அவன் தோளில் சாய்கிறாள். மற்ற பதினான்கும் சேர்ந்து கொண்டுவந்த பணத்தைவிட அந்த மூன்றும் கொண்டுவந்தது அதிகம். யாரும் என்னை வற்புறுத்தி எழுத வைக்கவில்லை. எனக்குப் பத்திரிகை ஆசிரியர் கிடையாது, மேலே நின்று பார்க்கும் பதிப்பாளர் கிடையாது. எழுதுவது, பிழை பார்ப்பது, அட்டை செய்வது, விலை வைப்பது, வெளியிடுவது எல்லாம் நானே. ஆகவே பழியைப் பங்கு போட்டுக்கொள்ளவும் ஆள் கிடையாது.

எங்கள் ஊர் கரூர். கணவர் பஸ் பாடி கட்டும் பட்டறையில் பெயின்டிங் வேலை பார்க்கிறார். வெறும் சேஸிஸாக உள்ளே வரும் வண்டி, வெளியே போகும்போது சீட்டும் ஜன்னலும் பெயருமாகப் போகும். அந்தப் பெயரை எழுதுகிறவர் அவர். நான் பன்னிரண்டாம் வகுப்போடு நின்றவள். வாடகை நூலகம்தான் எனக்குக் கல்லூரி. லட்சுமி, சிவசங்கரி, அனுராதா ரமணன், ரமணிசந்திரன் என்று கையில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். மகளைத் தூங்க வைத்துவிட்டு, அடுப்படி விளக்கில் நோட்டில் எழுத ஆரம்பித்தேன்.

2011-இல் ஒரு வார இதழுக்குச் சிறுகதை அனுப்பினேன். ஒரு மாதம் கழித்து அங்கிருந்து ஓர் உதவி ஆசிரியர் அம்மா போன் செய்தார். "கதை நல்லா வந்திருக்கும்மா. ஒரு இடம் மட்டும் உறுத்துது. மாமியார் அத்தனை பேர் முன்னாடி அவளை அப்படிப் பேசுறாங்க. அவ ஏன் வாயே திறக்கலை?" என்றார். "எங்க பக்கம் பொண்ணுங்க அப்படித்தானுங்க மேடம்" என்றேன். "இருக்கலாம். பேசாம இருக்கிறதுக்கும் ஒரு காரணம் இருக்குமில்ல? அதை எழுதி அனுப்புங்க, போடலாம்" என்றார். எனக்குக் கோபம் வந்தது. சென்னையில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருப்பவருக்கு எங்கள் வீட்டைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்தேன். திருத்தி அனுப்பவில்லை. கதையும் வரவில்லை. பல வருஷம் இதை எனக்கு நடந்த அநியாயமாகவே எல்லாரிடமும் சொல்லிவந்தேன்.

தமிழ்ப் புத்தகங்களுக்குக் கிண்டில் வழி திறந்தது 2016 டிசம்பரில். எனக்கு அது தெரிய ஒன்றரை வருஷம் ஆனது. 2018-இல் என் முதல் நாவலைப் போனிலேயே தட்டி முடித்து, சொந்தக்காரப் பையன் ஒருவனை வைத்து மேலேற்றினேன். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை, யாருக்காகவும் காத்திருக்கவில்லை. மறுநாள் காலையில் என் பெயர் போட்ட அட்டையைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்தது. முதல் பணம் 418 ரூபாய். என் பெயரில் இருந்த கணக்கில் நானே சம்பாதித்த காசு விழுந்தது அதுதான் முதல் தடவை. பாஸ்புக்கில் அந்த வரியை என் கணவர் விரலை வைத்துத் தடவிப் பார்த்தார்.

இந்தத் தொழிலின் சந்தோஷங்களை நான் மறைக்க மாட்டேன். அவை உண்மையானவை. என்னைப் போல வீட்டுக்குள் இருந்துகொண்டு நாவல் எழுதிச் சம்பாதிக்கும் பெண்கள் தமிழில் நிறையப் பேர் உண்டு. எங்கள் பெயர்கள் இலக்கிய மேடைகளில் வராது. ஆனால் வாசகிகள் எங்களை அக்கா என்று கூப்பிடுகிறார்கள், பிரசவ அறைக்குப் போவதற்கு முன்னால்கூட "யூடி எப்போ சிஸ்?" என்று கேட்கிறார்கள். யூடி என்றால் அடுத்த அத்தியாயம். ஒரு அத்தியாயத்தை எபி என்போம். துபாயில் வீட்டு வேலை பார்க்கும் ஒரு பெண், இரவில் என் எபியைப் படித்துவிட்டுத்தான் தூங்குவேன் என்று எழுதியிருந்தார். அந்த வரியை இன்றும் வைத்திருக்கிறேன்.

கஷ்டங்களும் உண்மையானவை. ராத்திரி பத்து மணிக்கு வெளியிட்ட நாவல், விடிவதற்குள் பிடிஎஃப் ஆகி ஊர் முழுக்கச் சுற்றும். ஆறு மாத உழைப்பை யாரோ இலவசமாகப் பரிமாறிக்கொண்டிருப்பார்கள், கூடவே "இவங்க எழுத்து சூப்பர்" என்று பாராட்டும் இருக்கும். இந்த மாதம் ஓடிய ஓட்டத்துக்கான பணம் ஏறக்குறைய இரண்டு மாதம் கழித்துத்தான் வரும். காய்ச்சலில் பத்து நாள் படுத்துவிட்டால், அந்தப் பள்ளம் மூன்றாவது மாதம் சமையலறையில் தெரியும்.

பணம் எப்படி வருகிறது என்பதைச் சொன்னால்தான் நான் செய்தது விளங்கும். கிண்டில் அன்லிமிடெட் என்ற சந்தா 2015-இல் இந்தியாவுக்கு வந்தது. மாதச் சந்தா கட்டியவர்கள் அதில் சேர்ந்த நூல்களை எடுத்துப் படிக்கலாம். எழுதியவருக்கு நூல் கணக்கில் காசு கிடையாது. ஒரு வாசகர் முதல் தடவையாகப் படிக்கும் பக்கங்களின் கணக்கில்தான் காசு. எனக்குப் பக்கத்துக்குப் பத்துப் பைசாவை ஒட்டிக் கிடைத்தது, மாதத்துக்கு மாதம் கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும். முந்நூறு பக்க நாவலை ஒருத்தி முழுதாகப் படித்தால் முப்பது ரூபாய். அதே கதை எழுநூறு பக்கம் என்றால் எழுபது. பாதியில் வைத்துவிட்டால் பாதிதான். தினமும் காலையில் ஒரு வரைபடம் வரும். நேற்று எத்தனை பக்கம் படிக்கப்பட்டது என்று அதில் ஒரு கோடு ஏறியோ இறங்கியோ நிற்கும். பால் காய்ச்சுவதற்கு முன்னால் அந்தக் கோட்டைப் பார்ப்பது எனக்குப் பழக்கமாயிற்று.

முதல் தவறு சின்னது. கதையை இழுக்க ஆரம்பித்தேன். நாயகி தலைக்குக் குளித்து முடி உலர்த்த இரண்டு பக்கம். அத்தை வந்து காபி கேட்டு, காபி கலந்து, ஆற்றிக் கொடுத்து, குடித்து முடிக்க நான்கு பக்கம். முன்கதை அவள் நினைவில் ஒரு தடவை, அவன் நினைவில் ஒரு தடவை, தோழியிடம் சொல்லும்போது மூன்றாம் தடவை. இதற்காக வாசகிகளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்தான். அவர்களுடைய தூக்க நேரத்தை எடுத்துக்கொண்டேன். ஆனால் நான் இன்று சொல்ல வந்தது இது இல்லை.

2019-இல், முடிந்ததும் கிண்டிலில் ஏற்றுவதற்காக, ஒரு நாவலை இணையத்தில் தொடராக எழுதிக்கொண்டிருந்தேன். பதினான்காம் எபியில் சந்தேகப்பட்டு மனைவியைக் கன்னத்தில் அறைகிறான் நாயகன். அது கதைக்குத் தேவையான இடம் என்று இப்போதும் நினைக்கிறேன். நான் யோசித்து வைத்திருந்த அடுத்த எபியில் அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போகிறாள், திருப்பூரில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்கிறாள். மூன்று பக்கம் நோட்டில் எழுதியும் விட்டேன்.

வழக்கமாக என் எபிக்கு முப்பது, நாற்பது பேர் கருத்து எழுதுவார்கள். அன்று முந்நூறைத் தாண்டியது. பாதிப் பேர் அவனைத் திட்டினார்கள். மீதிப் பேர் "ஹீரோ செம கெத்து" என்றார்கள். திட்டியவர்கள், கொண்டாடியவர்கள் எல்லாருமே கடைசியில் கேட்டது ஒன்றுதான், அடுத்த யூடி எப்போது? அவன் எப்போது வருந்துவான், எப்படி வருந்துவான் என்று பார்க்காமல் அவர்களால் இருக்க முடியவில்லை. கோபத்தில் படித்தாலும் பக்கம் பக்கம்தான் என்பது அன்று எனக்குப் புரிந்தது. அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டால் கதை இருபதாம் எபியில் முடிந்துவிடும். அவள் அந்த வீட்டிலேயே இருந்தால், அவன் மறுபடி அடித்தால், மறுபடி வருந்தினால், ஐம்பது எபி போகலாம். நோட்டில் இருந்த மூன்று பக்கத்தை அப்படியே விட்டுவிட்டு, அவளை அந்த வீட்டிலேயே இருக்க வைத்தேன்.

அடிக்கிற ஒருவனைப் படிக்கிறவர்களுக்குப் பிடிக்க வைக்க வேண்டும். அந்த வித்தையை நான் நன்றாகவே கற்றுக்கொண்டேன். சின்ன வயதிலேயே அவனைத் தாய் விட்டுப் போய்விட்டாள் என்று எழுதினேன். இரவில் அவள் தூங்கும்போது அவள் கன்னத்துக்கு மருந்து தடவி அழுகிறான் என்று எழுதினேன். சமீபத்தில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். அவள் வாங்கிய அடிக்கு நான் கொடுத்தது நான்கு வரி. அவன் விட்ட கண்ணீருக்குக் கொடுத்தது எட்டுப் பக்கம். அவளுக்கு எங்கே வலித்தது, மறுநாள் கோலம் போடக் குனிந்தபோது பக்கத்து வீட்டுக்காரி பார்த்துவிடுவாளோ என்று பயந்தாளா, சோறு மெல்ல முடிந்ததா, இதில் ஒன்றைக்கூட நான் எழுதவில்லை. எழுதினால் வாசகிக்கு அவனைப் பிடிக்காமல் போய்விடும்.

அந்த நாவல் கிண்டிலில் 740 பக்கம். முதல் மாதம் ஒரு லட்சத்து இருபதாயிரம் பக்கம் படிக்கப்பட்டது. பன்னிரண்டாயிரம் ரூபாய். அடுத்த வருஷம் மார்ச்சில் ஊரடங்கு வந்தது. பஸ்ஸே ஓடாதபோது புது பஸ்ஸுக்கு யார் பாடி கட்டுவார்கள்? பட்டறை மூடிக் கிடந்தது. என் கணவர் வாசல் திண்ணையில் உட்கார்ந்து பழைய பிரஷ்களை மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டே இருந்தார். அந்த எட்டு மாதமும் வீடு என் எழுத்தில்தான் நடந்தது. அந்த நேரத்தில்தான் இப்படி அடிக்கிற நாயகனை வைத்து இரண்டாவது நாவலை எழுதினேன். ஆன்டி ஹீரோ நாவல் என்போம். ஒரு மாதம் இரண்டு லட்சம் பக்கம் வரை போனது. வறுமையில் எழுதினேன் என்று சொல்லி இதைக் கடந்துவிடலாம். ஆனால் அந்த மாதங்களில் எனக்கு அரிசி வாங்கும் கவலையோடு இன்னொன்றும் இருந்தது. கோடு ஏறுவதைப் பார்க்கும் ஆசை. பட்டறை திறந்த பிறகும் அது போகவில்லை.

2022 தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்னால், எங்கள் தெருக்கோடியில் வீட்டு முன்னறையில் மெஷின் போட்டு ஜாக்கெட் தைக்கும் பெண்ணிடம் துணி கொடுக்கப் போனேன். என்னைவிட பத்து வயது சின்னவள், என் வாசகி. மெஷின் மேல் போனைச் சாய்த்து வைத்து, பட்டி அடிக்கும்போதே படிப்பாள். அன்று அளவு டேப்பை என் தோளில் வைத்தபோது அவள் ரவிக்கைக் கை மேலே ஏறியது. முழங்கைக்கு மேல் பச்சையும் மஞ்சளுமாக ஒரு கன்றல். நான் பார்த்ததை அவளும் பார்த்தாள். மறைக்கவில்லை. சிரித்தாள்.

"அவரும் உங்க ஹீரோ மாதிரிதானுங்க்கா. கோவம் வந்தா கை நீட்டிருவாரு. அப்புறம் அவரே போயி தைலம் வாங்கிட்டு வந்து தேச்சு விடுவாரு. உள்ளுக்குள்ள பாசம்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவளே தொடர்ந்தாள். "உங்க கதைல நாப்பத்தாறாவது எபில திருந்துறாருல்லங்க்கா? இவருக்கு இன்னும் அந்த எபி வரலை."

அவள் குறை சொல்லவில்லை. என்னைப் பாராட்டினாள். அவள் வாழ்க்கைக்குப் பக்கத்தில் எழுதியிருக்கிறேன் என்று சொன்னாள். "கை கொஞ்சம் லூசா வைம்மா" என்று சொல்லிவிட்டு நான் வீட்டுக்கு வந்தேன். பெண்களுக்கான 181 என்ற உதவி எண் எனக்குத் தெரியும். 2005-இல் குடும்ப வன்முறைக்கு எதிராகச் சட்டம் வந்ததும் தெரியும், ஒரு நாவலுக்காகப் படித்திருக்கிறேன். "கண்ணு, அது பாசம் இல்லை" என்று நான்கு சொல் சொல்லியிருக்கலாம். சொன்னால், அப்படியென்றால் நீங்கள் ஏன் அப்படி எழுதினீர்கள் என்று கேட்டுவிடுவாளோ என்று பயந்தேன்.

"உள்ளுக்குள்ள பாசம்" என்பது என் சொல். முதல் ஆன்டி ஹீரோ நாவலின் இருபத்தெட்டாம் எபியில் நாயகி தன் தோழியிடம் சொல்வது.

அன்று இரவிலிருந்து எனக்கு நானே நிறைய நியாயம் சொல்லிக்கொண்டேன். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பைத் தேடிப் படித்தேன். 2019-21 கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயதுக்குள் இருக்கும் மணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர் கணவனிடம் வன்முறையை அனுபவித்தவர்கள். அந்த 38 பேரும் என் நாவலைப் படித்தா அடிவாங்கினார்கள் என்று கேட்டுக்கொண்டேன். என்னைவிட மோசமாக எழுதுகிறவர்கள் இல்லையா என்று கேட்டுக்கொண்டேன். கதையைக் கதையாகப் பார்க்கத் தெரியாதா வாசகிக்கு என்றுகூட நினைத்தேன். எதிலும் முழுப் பொய் இல்லை. என் நாவல் எந்த ஆணின் கையையும் ஓங்க வைத்திருக்காது, அவர்கள் என்னைப் படிப்பதே இல்லை. ஆனால் அடிவாங்கிய பிறகு அந்தப் பெண் தனக்குத்தானே ஏதோ சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அந்தச் சொல்லை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டாள். ஓர் எபி வரும், அன்று திருந்துவான் என்று காத்திருக்கும் வழியையும் என்னிடமிருந்தே எடுத்துக்கொண்டாள்.

இத்தனைக்கும் பிறகு நான் மூன்றாவது நாவலை எழுதினேன். என் குற்றம் இதில்தான் முழுதாக இருக்கிறது.

உடனே எழுதவில்லை. முதலில் ஒரு நல்ல கதை எழுத முயன்றேன். கணவனை இழந்த ஒருத்தி தாந்தோணிமலைப் பக்கம் இட்லிக் கடை போட்டுப் பிழைக்கும் கதை. அதற்கு முன்னால் எழுதிய எதற்கும் அவ்வளவு உழைத்ததில்லை. மாவு அரைக்கும் பெண்களிடம் போய் உட்கார்ந்து பேசினேன். எதையும் இழுக்கவில்லை, 260 பக்கத்தில் முடித்தேன். முதல் மாதம் ஒன்பதாயிரம் பக்கம் படிக்கப்பட்டது. தொள்ளாயிரம் ரூபாய். "கதை நல்லாருக்கு, ஆனா ரொமான்ஸ் இல்லையே சிஸ்" என்று எழுதினார்கள். நான் உடைந்துபோனேன். மகள் பன்னிரண்டாம் வகுப்பு, ஜூனில் கல்லூரிக்குக் கட்ட வேண்டும். 2023 ஜனவரியில் மூன்றாவதை ஆரம்பித்தேன்.

அதில் நாயகன் முதலிரவில் அவள் வேண்டாம் என்ற பிறகும் நிறுத்தவில்லை. அதை நிலவு, பூ, புயல் என்று மூடி மூடி எழுதினேன். மனைவி பதினெட்டு வயது நிரம்பியவள் என்றால் நம் சட்டம் அதை வன்புணர்வாகக் கொள்வதில்லை. சட்டமே சொல்லாததை நான் ஏன் சொல்ல வேண்டும் என்று எனக்குள் வாதாடினேன். இருபது எபி தாண்டி அவளை அவன்மேல் காதல் கொள்ள வைத்தேன். எழுதும்போது தைக்கும் பெண்ணின் கை என் கண் முன்னால் இருந்தது. இருந்தும் எழுதினேன். அந்த மே மாதம் கோடு மறுபடி ஏறியது. கல்லூரிக் கட்டணம் கட்டினேன்.

தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு இடமில்லை என்பதற்கு இன்னொரு சாட்சி என் வீட்டிலேயே இருக்கிறது. என் மகளை என் நாவல்களைப் படிக்க நான் விட்டதில்லை. அவள் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது, முதல் ஆன்டி ஹீரோ நாவல் வந்த அன்றே, போனில் கிண்டிலுக்குப் பூட்டுப் போட்டேன். "படிக்கிற வயசுல கதை என்ன கதை?" என்று அதட்டினேன். அந்த வயதில் நான் வாடகை நூலகத்தில் கிடந்தவள். அவள் வயதுப் பிள்ளைகள் எத்தனை பேர் அதே நாவலைத் தங்கள் போனில் திறந்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியாதா? மற்றவர் வீட்டுப் பெண்கள் படிப்பது எனக்குப் பணம். என் பெண் படிப்பது எனக்குப் பயம்.

வை.மு. கோதைநாயகி அம்மாளைப் பற்றி இந்த இடத்தில் சொல்ல வேண்டும். தனியாக நின்று எழுதும் பெண்களான எங்களுக்கு முதல் பாட்டி அவர். பள்ளிக்கூடம் போகாதவர், குழந்தையிலேயே கல்யாணம் ஆனவர். 1925-இல் ஜகன்மோகினி என்ற பத்திரிகையைத் தன் கைக்கு வாங்கி, சொந்தமாக அச்சகம் வைத்து, தன் நாவல்களைத் தானே வெளியிட்டார். 115 நாவல்கள். அவரையும் கேள்வி கேட்க மேலே ஓர் ஆள் கிடையாது. விற்பனையைப் பற்றிய கவலை அவருக்கும் இருந்திருக்கும். அந்தச் சுதந்திரத்தைக் கொண்டு அவர் விதவை மறுமணத்தையும் பெண் கல்வியையும் அந்தக் காலத்துக் குடும்பங்களுக்குள் கதையாகக் கொண்டுபோய் வைத்தார். விடுதலைப் போராட்டத்தில் சிறைக்குப் போனபோதும் எழுதினார். எனக்குக் கிடைத்ததும் அதே சுதந்திரம்தான். அச்சகத்துக்கு அவர் பட்ட பாடுகூட எனக்கு இல்லை. அதைக் கொண்டு நான் ஒரு பெண்ணைக் கதவுக்கு உள்ளே நிறுத்தி வைத்தேன்.

2011-இல் போன் செய்த அந்த உதவி ஆசிரியர் அம்மாவை இப்போது அடிக்கடி நினைக்கிறேன். அவள் ஏன் வாய் திறக்கவில்லை என்று கேட்டாரே, அதன் பிறகு யாருமே என்னிடம் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. யாரும் கேட்காத இடமாகப் பார்த்துத்தான் நான் போய்ச் சேர்ந்தேன். அதற்குச் சுதந்திரம் என்று பெயர் வைத்துக்கொண்டேன். ஒரு கோட்டுக்கு மட்டும் பதில் சொன்னால் போதும் என்ற நிலைக்கு வந்துவிட்டேன்.

கிண்டில் சந்தாவில் ஒரு நூலைச் சேர்த்தால் அந்த ஒப்பந்தம் 90 நாள். அந்த நாட்களில் அதே மின்னூலை வேறு எங்கும் வைக்கக் கூடாது. நாமாக நிறுத்தாவிட்டால் அடுத்த 90 நாளுக்குத் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். நிறுத்துவதற்கு ஒரே ஒரு கட்டத்தில் இருக்கும் குறியை எடுத்தால் போதும். அந்தக் கன்றலைப் பார்த்த நாளிலிருந்து கணக்குப் போட்டேன். முதல் ஆன்டி ஹீரோ நாவலின் ஒப்பந்தம் ஒன்பது முறை புதுப்பித்துக்கொண்டிருக்கிறது. ஒன்பது முறையும் எனக்குத் தேதி தெரியும்.

கடைசியில் நிறுத்த வைத்தவள் என் மகள். கோயம்புத்தூரில் விடுதியில் தங்கி இரண்டாம் வருஷம் படிக்கிறாள். அறையில் உடன் இருக்கும் ஒரு பெண் ஒரு நாவலைச் சத்தமாகப் படித்துக் காட்டியிருக்கிறாள், மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள். அது என் மூன்றாவது நாவல். பொங்கல் விடுமுறைக்கு வந்தவள் மூன்று நாள் ஒன்றும் சொல்லவில்லை. கிளம்பும் அன்று காலையில் பையில் முறுக்கு டப்பாவை வைத்துக்கொண்டே சொன்னாள்: "அது நீ எழுதினதுன்னு நான் ரூம்ல சொல்லலம்மா."

அவ்வளவுதான் சொன்னாள். பேருந்து நிலையம் வரை போய் ஏற்றிவிட்டு வந்து, அன்று மதியமே மூன்று நாவல்களையும் கிண்டிலிலிருந்து எடுத்தேன்.

இதில் எனக்கு எந்தப் பெருமையும் வேண்டாம். தைக்கும் பெண்ணின் கையைப் பார்த்து இரண்டு வருஷம் மூன்று மாதம் ஆகியிருந்தது. அவளுக்காக நான் எடுக்கவில்லை. என் மகள் என் பெயரைச் சொல்ல வெட்கப்பட்டாள் என்பதற்காக எடுத்தேன். அந்த மூன்று நாவல்களும் இத்தனை வருஷத்தில் எனக்குக் கொடுத்தது மூன்று லட்சத்து எண்பத்தாறாயிரம் ரூபாய். எல்லாம் செலவாகிவிட்டது. அரிசி, மருந்து, கூரை, கல்லூரி. திருப்பிக் கொடுக்க என்னிடம் இல்லை, யாரிடம் கொடுப்பது என்றும் தெரியவில்லை.

இப்போது மாதம் இரண்டாயிரம், இரண்டாயிரத்து ஐந்நூறு வருகிறது. இட்லிக் கடை நாவலும் அதில் கொஞ்சம் ஓடுகிறது. என் கணவர் ஏன் எடுத்தாய் என்று கேட்டார், சொன்னேன். அவர் அந்த நாவல்களைப் படித்தவர் இல்லை. "அடிக்கிற ஆளை ஹீரோன்னா எழுதியிருந்தே?" என்று ஒரு முறை கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார்.

போன மாதம் தைக்கும் பெண் என்னை வழியில் நிறுத்தினாள். "அந்தக் கதையைக் காணமுங்க்கா, மறுபடி படிக்கலாம்னு தேடினேன். ஏன் எடுத்துட்டீங்க? முடிவு நல்லாத்தானே இருந்துச்சு?" என்றாள். இந்தத் தடவை வாய் திறந்தேன். அந்த முடிவு நான் பணத்துக்காக எழுதியது, அப்படி யாரும் நாற்பத்தாறாவது எபியில் திருந்திவிடுவதில்லை என்றேன். 181-ஐச் சொன்னேன். அவள் முகம் மாறிவிட்டது. தலையாட்டிவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு என் துணியைத் தைக்க வாங்கிக்கொள்ள மாட்டேன் என்கிறாள். வேலை நிறைய இருக்கிறதாம்.

அந்த மூன்றில் முதல் இரண்டு நாவல்களையும் ஒரு பதிப்பகத்தாருக்கு அச்சிடக் கொடுத்திருந்தேன். ஒவ்வொன்றிலும் ஐந்நூறு பிரதி போட்டார்கள். பெரும்பாலும் வாடகை நூலகங்களுக்குப் போய்விட்டன. அவற்றைத் திரும்ப வாங்க வழியில்லை. எங்காவது அட்டை கிழிந்து, பசை ஒட்டி, கைமாறிக்கொண்டுதான் இருக்கும். உங்கள் கையில் ஒன்று கிடைத்தால், தயவு செய்து கடைசி அத்தியாயத்தை நம்பாதீர்கள். பதினான்காம் எபி முடிந்ததும் அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு அம்மா வீட்டுக்குக் கிளம்பினாள். அந்த மூன்று பக்கம் இன்னும் என் நோட்டில் இருக்கிறது.